சி மொழியில் ஸ்ட்ரிங்: அந்த ஒரு பைட்டை மறக்காதீர்கள்

நிலாவெளியில் ஏறி கிண்ணியாவில் இறங்கும் பயணிக்கு ஒரு பஸ் டிக்கெட். கெம்பஸ் முதலாம் வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவர் இதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதி வந்திருந்தார். ஒரே ஸ்ட்ரக்சருக்குள் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் கட்டு) அடுத்தடுத்து இரண்டு கேரக்டர் அரே (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்), ஏறும் இடத்துக்கு ஒன்று, இறங்கும் இடத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் எட்டு எட்டு இடம். ஆங்கிலத்தில் நிலாவெளிக்கு எட்டு எழுத்து, கிண்ணியாவுக்கு ஏழு. ஓட்டிப் பார்த்தால் ஏறும் இடம் 'நிலாவெளிகிண்ணியா' என்று வருகிறது.

"அண்ணா, எழுத்துகளைப் பிரதி எடுக்க நான் ஸ்ட்ர்என்காப்பிதானே போட்டேன், அது பாதுகாப்பானது என்றுதானே சொல்றாங்க?"

பலரும் விழும் குழி இதுதான். ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், எங்கே முடிகிறது என்பது சி மொழிக்குத் தெரியாது. கடைசியில் பூச்சிய மதிப்புள்ள பைட் ஒன்று இருந்தால்தான் நிற்கும். எட்டு எழுத்துக்கு ஒன்பது பைட் வேண்டும். நீளத்தை எண்ணிச் சொல்லும் ஸ்ட்ர்லென் அந்தப் பூச்சியத்தைக் கணக்கில் சேர்க்காது, அதனால் அது சொல்லும் எண்ணை அப்படியே அரேயின் அளவாகப் போடக்கூடாது. பிரதி எடுக்கும் ஸ்ட்ர்காப்பி இடம் போதுமா என்று பார்க்காமல் எழுதிக்கொண்டே போகும். ஸ்ட்ர்என்காப்பி சொன்ன அளவோடு நிற்கும், ஆனால் இடம் நிரம்பிவிட்டால் பூச்சியத்தைப் போடாமலே விட்டுவிடும். இங்கே நடந்தது அதுதான்: திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் பூச்சியத்தைத் தேடிப் பக்கத்து அரேக்குள் போய்விட்டது.

நான் எல்லோருக்கும் சொல்வது, அளவையும் சொல்லி அரேக்குள் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப். இடம் போதாவிட்டால் வெட்டும், ஆனாலும் பூச்சியத்தோடுதான் முடிக்கும். அது திருப்பித் தரும் எண் அரேயின் அளவுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால், வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று கவனம்: ஃபங்ஷனுக்குள் அரேயை அனுப்பிவிட்டு அங்கே சைஸ்ஆஃப் போட்டு அதன் அளவைக் கேட்டால் பாயிண்டரின் (முகவரியை மட்டும் வைத்திருப்பது) அளவுதான் வரும். அளவையும் சேர்த்தே அனுப்புங்கள்.

தட்டும் வரியை இடம் போதுமா என்று பார்க்காமலே வாங்கும் கெட்ஸைத் தொடவே வேண்டாம். 1988இல் மொரிஸ் வேர்ம் என்ற தானாகப் பரவும் தீய புரோகிராம் பரவிய வழிகளில் ஒன்று அதுதான். 2011இல் வந்த சி நியமத்தில் அதை நீக்கியே விட்டார்கள்.

சரி, அதற்குப் பதிலாக அளவு சொல்லி வரியை வாங்கும் எஃப்கெட்ஸ் போட்டாயிற்று. அப்புறம் 'கிண்ணியா' என்று சரியாகத் தட்டியும், இரண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் பொருந்தவில்லை என்கிறதே? என்டர் அடித்தபோது வந்த புதுவரி எழுத்தும் உள்ளே இருக்கிறது. முதலில் அதைப் பூச்சியமாக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்ட்ர்கம்ப் பூச்சியம் தரும், அதனால் இஃப் நிபந்தனைக்குள் அதை மட்டும் போட்டால் விடை தலைகீழாகிவிடும். இரட்டைச் சமன் குறியோ முகவரிகளைத்தான் ஒப்பிடும், எழுத்துகளை அல்ல.

தமிழில் பெயர் வாங்குவோருக்கு இன்னும் ஒன்று. 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து. எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் அது பத்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஸ்ட்ர்லென் 30 என்றுதான் சொல்லும். இருபது பைட் அரேக்குள் எஸ்என்பிரிண்ட்எஃப் போட்டால் 'திருகோ' வரும், அதன் பின்னால் 'ண'வின் முதல் பைட் மட்டும் உடைந்து தொங்கும். நம் ஊர்ப் பெயர் திரையில் அப்படி உடைந்து நிற்பதைப் பார்க்க மனம் கேட்காது. குறைந்தது 31 பைட் ஒதுக்குங்கள்.