ஸ்டெப்பர் மோட்டார்: அடுத்தவர் விரெஃப் உங்கள் போர்டுக்கு ஆகாது

போன மாதம் ஒரு கல்லூரி லேபில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் நான்கு பேர் பேனா பிளாட்டர், அதாவது பேனாவை நகர்த்திப் படம் வரையும் மெஷின், செய்துகொண்டிருந்தார்கள். அதிலுள்ள ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகச் சுற்றும் மோட்டார்) ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும், சட்டென்று நிற்கும், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும். அவர்கள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன்.

பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, கிரவுண்டை இணைக்க மறப்பது இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு தடவை புகை வந்தால் தானாகப் புரிந்துவிடும்.

"12 வோல்ட் சப்ளை இருக்கு, 12 வோல்ட் மோட்டார் கொடுங்க"

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இப்படிக் கேட்டு வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். நீமா 17 என்பது மோட்டாரின் முகம் சுமார் 42 மில்லிமீட்டர் சதுரம் என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன சுற்றியிருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஒரு காயிலுக்கு 30 ஓம், 0.4 ஆம்பியர் என்று ஒன்று வரும், அதுதான் அந்த "12 வோல்ட்" மோட்டார். இன்னொன்று 1.5 ஓம், 1.5 ஆம்பியர், கணக்குப் போட்டால் 2.25 வோல்ட். புதிதாக வருபவர் இரண்டாவதைப் பார்த்துப் பயந்து முதலாவதை எடுத்துவிடுவார். ஆனால் ஏ4988 மாதிரி டிரைவர், அதாவது மோட்டாரை ஓட்டும் குட்டி போர்டு, கரண்டை வெட்டி வெட்டி அளவோடு கொடுப்பது, அதனால் 2.25 வோல்ட் மோட்டாருக்கு 12 கொடுத்தாலும் நாம் வைத்த கரண்ட் லிமிட் சரியாக இருந்தால் எரியாது. வோல்டேஜ் மிச்சம் இருக்கிற அளவுக்குக் காயிலில் கரண்ட் சீக்கிரம் ஏறும், வேகத்திலும் இழுவை குறையாமல் இருக்கும். 30 ஓம் மோட்டாருக்கு 12 கொடுத்தால் மிச்சமே இல்லை. மெதுவாகச் சுற்றும்போது ஜோராக இருக்கும், வேகம் கூட்டினால் உறுமிவிட்டு நின்றுவிடும்.

விரெஃப்

டிரைவர் போர்டில் இருக்கும் குட்டித் திருகைத் திருகி நாம் வைக்கும் ஒரு வோல்டேஜ்தான் விரெஃப், அந்தக் கரண்ட் லிமிட்டைத் தீர்மானிப்பது அதுதான். இதைப் பற்றிப் பேசினாலே இன்னும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த மாணவர்களிடம் கேட்டேன், விரெஃப் எவ்வளவு வைத்தீர்கள் என்று. "0.8 சார்." யார் சொன்னது? "சீனியர் சொன்னாங்க சார்." சீனியர் போர்டும் இதே போர்டா? அமைதி.

ஏ4988 போர்டில் சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் இருக்கும், கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஆர்100, ஆர்068, ஆர்050 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். அந்த ஆர் இருக்கிற இடத்தில் தசமப் புள்ளி வைத்துப் படியுங்கள்: 0.1 ஓம், 0.068 ஓம், 0.05 ஓம். டிரைவர் கரண்டை அளப்பதே இதை வைத்துத்தான். விரெஃப்பை எட்டாலும் இந்த ஓமாலும் வகுத்தால் வருவதுதான் ஒரு காயிலுக்கான உச்சக் கரண்ட். 0.8 வோல்ட் வைத்தால் ஆர்100 போர்டில் 1 ஆம்பியர், ஆர்068 போர்டில் கிட்டத்தட்ட ஒன்றரை, ஆர்050 போர்டில் 2 ஆம்பியர். மூன்று போர்டும் பார்க்க ஒரே மாதிரி, பெயரும் ஒன்றுதான். டிஆர்வி8825 என்ற இன்னொரு டிரைவரில் எட்டுக்குப் பதில் ஐந்து, அதிலும் அந்த 0.8-ஐயே வைத்தால் ஆர்100 ரெசிஸ்டரில் 1.6 ஆம்பியர் போகும்.

நான் மாட்டியது இப்படித்தான். முதல் மெஷினுக்கு 0.8 சரியாக வந்தது, நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடுத்த மெஷினுக்கு வேறு கடையில் வாங்கிய போர்டுகள், அதே 1 ஆம்பியர் மோட்டார், அதே 0.8. போர்டில் ஆர்050 என்று இருந்ததை அன்று பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. இரண்டு மடங்கு கரண்ட் போனால் உடனே புகை வரும் என்றுதான் நினைப்போம், ஆனால் வராது. சிப்பின் உள்ளே சுமார் 165 டிகிரியைத் தொட்டதும் அதுவே தன்னை அணைத்துக்கொள்ளும், ஆறியதும் திரும்ப விழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் வழுக்குகிற மாதிரியே இருக்கும். இரண்டு வாரம் பெல்ட், புல்லி ஸ்க்ரூ, புரோகிராம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பவர் பத்தவில்லை என்று பெரிய சப்ளை வேறு வாங்கினேன், அது இன்றைக்கும் அலமாரியில் தூங்குகிறது. கடைசியில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் பண்ணிய மோட்டார் பிடிப்பு சூட்டில் இளகி, மோட்டார் தலை குனிந்து நின்ற பிறகுதான் உறைத்தது. பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும்.

சப்ளை லைனில் மீட்டரை மாட்டிப் பார்த்து "அரை ஆம்பியர்தானே காட்டுது" என்பவர்களும் உண்டு. சப்ளையில் இழுப்பதும் காயிலில் ஓடுவதும் ஒன்றில்லை, காயிலில் அதைவிட அதிகமாகவே ஓடும்.

ஏ4988-க்கு மோட்டார் சப்ளை இல்லாமல், லாஜிக் 5 வோல்ட் மட்டும் கொடுத்தாலே விரெஃப்பை அளந்துவிடலாம். மீட்டரின் சிவப்பு முனையை ஒரு முதலைக் கிளிப்பால் ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டில் கவ்வுங்கள், கறுப்பு கிரவுண்டில். திருகத் திருக எண் மாறுவது தெரியும். டிஆர்வி8825-க்குத் தனி லாஜிக் சப்ளை கிடையாது, மோட்டார் சப்ளை கொடுத்தே ஆக வேண்டும், அங்கே ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் போர்டு காலி. அதற்குப் பிளாஸ்டிக் முனை வாங்குங்கள்.

மாணவர்களின் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆர்050. 0.4-க்கு இறக்கினோம், நான் கிளம்பும்வரை நிற்காமல் ஓடியது.

வயர் நிறம்

நம்பாதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது, மோட்டாரோடு வரும் கேபிளில்கூட நடு இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கும். கழற்றி வைத்த மோட்டாரில் ஏதாவது இரண்டு வயர்களைச் சேர்த்துப் பிடித்துத் தண்டை விரலால் சுற்றுங்கள், கடினமாகிவிட்டால் அந்த இரண்டும் ஒரே காயில். ஜோடி தப்பினால் மோட்டார் நடுங்கும், சுற்றாது. ஜோடி சரியாக இருந்து திசை மட்டும் தலைகீழ் என்றால் ஒரு ஜோடியைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஐந்து வயர் குட்டி மோட்டார்

28பிஒய்ஜே-48 என்ற இந்த மோட்டாரை அதோடு வரும் யுஎல்என்2003 போர்டிலேயே ஓட்டுங்கள். ஏ4988-இல் போட வேண்டுமென்றால் சிவப்பு வயரைக் கழற்றினால் மட்டும் போதாது, இரண்டு காயிலின் நடுவும் உள்ளே ஒட்டியிருக்கும், மூடியைத் திறந்து அந்தத் தடத்தை வெட்ட வேண்டும்.

கெப்பாசிட்டர்

100 மைக்ரோஃபாரட், மோட்டார் சப்ளை பின்னுக்குப் பக்கத்திலேயே. வயர் நீளமாக இருந்தால் சப்ளை போடும் நொடியில் 12 வோல்ட்டே துள்ளி ஏ4988-இன் எல்லையான 35-ஐத் தாண்டலாம்.

போர்டைச் செருகுவது

திருகு இருக்கும் பக்கத்தைப் பார்த்துச் செருகாதீர்கள், ஏ4988-இலும் டிஆர்வி8825-இலும் அது எதிரெதிர்ப் பக்கம். எனேபிள் என்று குறித்திருக்கும் பின் எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருகுங்கள்.

பவர் இருக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்குவது

கூடாது.