பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் முன்

பிள்ளையை உதைபந்தாட்டத்துக்கோ கிரிக்கெட்டுக்கோ சேர்க்க நினைக்கிறீர்களா? பயிற்றுநர் எத்தனை கிண்ணம் வென்றார் என்று விசாரிப்பதற்கு முன், ஒரு பின்னேரம் பயிற்சி நடக்கும் மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பந்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் அவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான். எல்லாருக்கும் முன்னால் ஏசுகிறாரா, கிட்டக் கூப்பிட்டு "காலை இப்படி வை" என்று திருத்துகிறாரா? ஏச்சு வாங்கிய பிள்ளை, பந்து தன் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று ஒதுங்கிவிடும். திருத்தப்பட்ட பிள்ளை பந்தைக் கேட்டு வாங்கும்.

1999இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில், இலங்கைப் பந்துவீச்சாளர் முரளிதரனின் பந்தை நடுவர் 'நோ போல்' (முறையற்ற பந்து) என்றபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை கூட்டிச் சென்றார். நடுவரோடு அப்படி மல்லுக்கட்டியது சரியா என்பது வேறு கதை. தன் வீரரை அவர் தனியே விடவில்லை. பயிற்றுநரும் அப்படிப் பிள்ளையின் பக்கம் நிற்பவரா என்று பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். திருகோணமலை வெயிலில், பிள்ளைகள் கேட்கும் முன்பே இடைவேளை விடுகிறாரா பாருங்கள். தண்ணீர் குடிப்பதைச் சோம்பல் என்பவரிடம் விடவே வேண்டாம். நேரத்துக்கு வருபவரா என்பதும் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

நம் ஊர் மைதானத்தில் தமிழ், சிங்களம் பேசும் பிள்ளைகள் சேர்ந்தே விளையாடுவார்கள். அரைகுறையாகவாவது இரண்டு மொழியிலும் பேசுபவர் கிடைத்தால் விடாதீர்கள். வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குத் தெரியுமா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.