கச்சேரி கேட்டு நடந்தே வீடு திரும்ப: காரைக்குடியில் வீடு பார்ப்பவர்களுக்கு

"ஆச்சி, கம்பன் விழா, பட்டிமன்றம், கச்சேரி எல்லாத்துக்கும் நடந்தே போற மாதிரி டவுனுக்குள்ள ஒரு வீடு வேணும்." ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நாங்களும் அதற்காகத்தான் கல்லுக்கட்டிப் பக்கம் குடிவந்தோம். என் கணவருக்கு முட்டிவலி. நிகழ்ச்சி முடிந்து ராத்திரியில் ஆட்டோவுக்காகக் காத்து நிற்பது அவருக்கு ஆகாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீணை சாம்பசிவ ஐயரும் மிருதங்கம் மணியும் பேரோடு சேர்த்துக்கொண்ட ஊர் இது என்பதற்காக, மார்கழி மயிலாப்பூர் மாதிரி நாளுக்கு நாலு சபா இருக்கும் என்று நம்பி வராதீர்கள். இங்கே எல்லாம் பஞ்சாங்கத்தை ஒட்டித்தான் நடக்கும். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா பங்குனியில் வரும். அத்த நட்சத்திரத்தன்று கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டைக்குப் போய்விடுவார்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா மாசி பங்குனியில். அப்புறம் கொப்புடையம்மனுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா. அதனால் வீடு பார்க்க மாசி, பங்குனியில் வாருங்கள். ஐப்பசி மழையில் வந்து பார்த்தால் எல்லாத் தெருவும் அமைதியான தெருதான்.

நிகழ்ச்சி நடக்கிற இடங்களை நான் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறேன்: சுவர் உள்ளவை, சுவர் இல்லாதவை. கம்பன் மணிமண்டபமும், புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற கண்ணதாசன் மணிமண்டபமும் முதல் வகை. கூட்டம் முடிந்தால் மைக்கை அணைத்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீடாகவே இருந்தாலும் தைரியமாக எடுக்கலாம். வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கோயில் வாசல், முக்கில் போடும் மேடை, பொட்டல் எல்லாம் இரண்டாவது வகை. அங்கேதான் ரசனையும் அதிகம், தொல்லையும் அதிகம். வள்ளி திருமணம் நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். வள்ளிக்கும் வேடனுக்கும் தர்க்கம் சூடுபிடிப்பதே நடுச்சாமத்துக்கு மேல்தான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது. பண்டிகைக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், ராத்திரி 12 மணிவரை அரசு தளர்த்தலாம். ஆனால் அம்மன் வீதி உலா வரும்போது யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? ஆகவே இரண்டு திருப்பமாவது தள்ளி வீடு பாருங்கள். படுக்கிற அறையில் இருந்தால் ஆர்மோனியம் கேட்கலாம், உபயதாரர் பெயர் வாசிப்பது கேட்கக் கூடாது. என் அளவுகோல் அவ்வளவுதான்.

வீடு பிடித்திருந்தால் மண்டபத்திலிருந்து அந்த வாசல்வரை ராத்திரி ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, சாக்கடை மூடி ஏறியும் இறங்கியும் கிடக்கிறதா, நாய் எத்தனை என்பதெல்லாம் பகலில் தெரியாது. தேரோட்டத்தன்றும் பால்குடத்தன்றும் வாசல் வழியாகக் காரை எடுக்கவே முடியாது. நடுவில் முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், அதாவது வளவு வீடுகளில், சில இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்கட்டு வாசலுக்குச் சாவி உங்களிடம் இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளவு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தால் படிகளை எண்ணிப் பாருங்கள். திண்ணை உயரம், நிலைக்கு நிலை வாசல்படி உயரம், முற்றத்தில் சாரல் அடித்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு அழகு மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம்கொடுக்கவில்லை, அதனால் படித்துப் பார்த்து ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிந்துவிடுங்கள். பக்கத்துப் பெரிய வீடு பூட்டிக் கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதைச் சினிமா ஷூட்டிங்குக்கு விடுகிறார்களா என்று விசாரியுங்கள். விட்டால் ஜெனரேட்டர் வண்டி உங்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்கும்.

சொந்தமாக வாங்குவதென்றால் பங்காளிகள் விஷயம் இருக்கிறது. மலேசியாவில் இருக்கிற சித்தப்பா மகன் கையெழுத்துப் போடாமல் பாக்கி எல்லாரும் போட்டு என்ன பயன்? மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். ஒரே ஒரு பங்கை மட்டும் விலைக்கு வாங்கச் சொன்னால் வேண்டாம் என்பேன். முற்றமும் கிணறும் பொதுவில் கிடக்கும், ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரையும் கூட்டவேண்டும். அடுக்குமாடி என்றால் சுலபம், கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்று மட்டும் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் முக்கு டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "திருவிழா மேடை எந்தப் பக்கம்ப்பா போடுவாங்க, ஸ்பீக்கர் குழாய் எந்தக் கம்பத்துல கட்டுவாங்க?" என்று கேளுங்கள். புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். டீக்கடைக்காரர் கம்பத்தையே கைகாட்டிவிடுவார்.