அழிக்க மறுக்கும் கோப்பு: அதைப் பிடித்திருக்கும் நிரலைக் கண்டறியும் முறை

விண்டோஸில் ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முயலும்போது, அது வேறொரு நிரலில் திறந்திருப்பதாகக் கூறி இயக்குதளம் தடுத்துவிடுவதுண்டு. பலரும் உடனே கணினியை அணைத்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் வேலை நடந்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் கோப்பைப் பிடித்திருந்தது எந்த நிரல் என்பது தெரியாததால், மறுநாளும் அதே தடை வரக்கூடும்.

சாதாரண நிரல் எதுவும் வட்டை நேரடியாகத் தொடுவதில்லை. கோப்பு வேண்டுமென்றால் அது இயக்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். தான் திறந்து வைத்திருக்கும் வரை பிற நிரல்கள் அதைப் படிக்கலாமா, அதில் எழுதலாமா, அதை அழிக்கலாமா என்பதையும் அந்தக் கோரிக்கையிலேயே தெரிவித்துவிடுகிறது. இயக்குதளம் உரிமைகளைச் சரிபார்த்து, 'ஹேண்டில்' எனப்படும் ஓர் அடையாளத்தை நிரலுக்கு வழங்கி, யாரிடம் எது இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை நாமும் பார்க்க முடியும்.

ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சி.பி.யு. பக்கத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பகுதியை விரித்து, அதன் தேடல் பெட்டியில் கோப்புப் பெயரின் ஒரு பகுதியை உள்ளிட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் பெயரும் பி.ஐ.டி. என்ற எண்ணும் தோன்றும். நிரல் இயங்கத் தொடங்கும்போது இயக்குதளம் அதற்கு இடும் எண் அது.

முதலில் அந்த நிரலை அதன் சாளரத்திலிருந்தே முறையாக மூடிப் பாருங்கள். சில வேளைகளில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகையே கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்; ஆல்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பலகை மறைந்துவிடும். நிரல் உறைந்துபோய் மூட மறுத்தால் மட்டும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எண்ட் டாஸ்க் கொடுங்கள். அந்நிரல் வைத்திருந்த ஹேண்டில்கள் அனைத்தையும் மூடி நினைவகத்தைத் திரும்பப் பெறுவதை இயக்குதளமே பார்த்துக்கொள்ளும். சேமிக்கப்படாத எழுத்து அந்த நினைவகத்தில்தான் இருந்தது என்பதால், அதுவும் அத்தோடு போய்விடும்.

பி.ஐ.டி. 4 என்றும் சிஸ்டம் என்றும் காட்டினால் அதை நிறுத்த முயல வேண்டாம். அது இயக்குதளத்தின் கருவுக்கே உரியது. பகிர்ந்த கோப்புறை வழியாக வேறொரு கணினி அக்கோப்பைத் திறந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பதால், அங்கே சென்று மூடச் சொல்லுங்கள்.

லினக்ஸ் பயனர்களுக்கு இந்தத் தடை வராது. அங்கே திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். பெயர் உடனே மறைந்துவிடும், உள்ளடக்கமோ கடைசி நிரல் கைவிடும் வரை வட்டில் இருக்கும். நிரல் தன் செயல்பாடுகளைக் குறித்துவைக்கும் பெரிய லாக் (பதிவு) கோப்பை அழித்த பிறகும் வட்டில் இடம் கூடவில்லையென்றால், அதில் எழுதிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள்.