உங்கள் வயல் எவ்வளவு களி? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில் மறுபடி ஜூன் 12-இல் திறப்பார்கள். இடையில் வரும் சித்திரை, வைகாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எந்த வயலில் இறங்கினாலும் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மண்ணைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. தண்ணீர் கட்டிவிட்டால் எல்லா வயலும் சேறுதான், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. காய்ந்த பிறகுதான் களிமண் தன் குணத்தைக் காட்டும்.

புதிதாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர்களுக்காகவும், வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வயலுக்குத் திரும்பியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு வாளி, மண்வெட்டி, நேரான ஊறுகாய் பாட்டில், கொஞ்சம் சலவைத்தூள், ஸ்கேல், வெள்ளைக் கிண்ணம், பிடித்துவைத்த மழைநீர். இவ்வளவு போதும்.

படி 1: வெடிப்பை அளந்து பாருங்கள்

ஒரு தென்னை ஈர்க்கை வெடிப்புக்குள் விடுங்கள். அழுத்தாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் நுழையும் அகலமும் ஒரு முழத்துக்கு மேல் ஆழமும் இருந்தால், உங்களுடையது நன்றாக விரிந்து சுருங்கும் களிமண். மண் வகைப்பாட்டில் இதை வெர்டிசால் என்பார்கள். டெல்டாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு களத்தூர் வகை மண். ஆற்றோரப் படுகையிலும், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணிலும் இப்படி வெடிக்காது.

எதனால் வெடிக்கிறது? களித்துகள் 0.002 மி.மீட்டரை விடச் சின்னது. அதிலும் ஸ்மெக்டைட் என்ற வகை, அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் ஒடுங்கும். இப்படி ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் அடுக்குகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் அரை மா நிலத்துக்கும் மேல் (ஒரு மா என்பது ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு)! தண்ணீரையும் உரச்சத்தையும் அது அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பரப்பை வைத்துத்தான்.

படி 2: மண் எடுப்பது

வரப்போரம், மரநிழல், எரு கொட்டிய இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். வயலில் எட்டுப் பத்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி வாளியில் போடுங்கள். நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளை ஒதுக்கிவிடுங்கள். அரைக்கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்யுங்கள். உடைக்காத சின்னக் கட்டிகள் நான்கைந்தைத் தனியே வையுங்கள், படி 5-க்கு வேண்டும்.

படி 3: கையில் நாடா இழுப்பது

ஒரு எலுமிச்சம்பழ அளவு மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவு போல இரண்டு மூன்று நிமிடமாவது பிசையுங்கள். அவசரப்படாதீர்கள். களிமண் முதலில் குருணை குருணையாக நின்று, மணல் இருப்பதுபோல ஏமாற்றும். பிசையப் பிசையத்தான் உடைந்து வழவழப்பாகும். பிறகு கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். 2.5 செ.மீ. வருவதற்குள் அறுந்தால் அது கலப்பு மண். 5 செ.மீ. வரை வந்தால் களி கலந்த மண். அதையும் தாண்டி அறுபடாமல் தொங்கினால் நல்ல களி. முதல் தடவை சரியாக வராவிட்டால் இன்னும் இரண்டு உருண்டை செய்து பாருங்கள்.

பாட்டில் சோதனையையும் கூடவே செய்யலாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் ஒரு சிட்டிகை சலவைத்தூளும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல். அதற்கப்புறமும் கலங்கலாக நிற்பது களி. அது தெளிய இரண்டு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். களி ஊறி உப்பியிருக்கும் என்பதால் பாட்டிலில் அதன் உயரம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆகவே இதை அப்படியே சதவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: சுருக்கம்

குழைத்த சேற்றை எண்ணெய் தடவிய ஓட்டின் மேல் சரியாக 10 செ.மீ. நீளக் கட்டையாகப் பிடித்து வையுங்கள். நிழலில்தான் காயவேண்டும், வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். முழுக்கக் காய்ந்ததும் அளந்து பாருங்கள். 9 செ.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் கோடையில் உங்கள் வயல் ஏன் அப்படி வாய் பிளக்கிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது.

படி 5: கிண்ணச் சோதனை

தயவுசெய்து இதை மட்டும் தவிர்க்காதீர்கள். எல்லாச் சோதனையிலும் முக்கியமானது இதுதான்.

வெள்ளைக் கிண்ணத்தில் மழைநீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். தனியே வைத்த காய்ந்த கட்டியில் பட்டாணி அளவு ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்க வேண்டாம், கிண்ணத்தை அசைக்கவும் வேண்டாம்.

முதலில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். ஓரம் உதிரும். சில நிமிடங்களில் கட்டி சரிந்து ஒரு சின்னக் குவியலாகிவிடும். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை, கட்டி உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குவியலைச் சுற்றி அரிசி களைந்த தண்ணீர் போல ஒரு வெண்படலம் கிளம்பினால் கவனியுங்கள். அங்கே களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. மண்ணில் சோடியம் மிகுந்திருக்கலாம், அதாவது மண் களராகியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஓர் ஆண்டு சம்பா அறுப்பு முடிந்து ஈரம் காயாத வயலில், டிராக்டர் கிடைத்ததே என்று உழவு ஓட்டிவிட்டேன். செங்கல் செங்கலாகக் கட்டி எழும்பியது. “மண் களர் ஆகிப்போச்சு, ஜிப்சம் போடுங்க” என்று ஒருவர் சொன்னார். மூன்று மாவுக்கும் வாங்கிப் போட்டேன். பிறகுதான் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் பளிங்காக இருந்தது. மண்ணில் களரே இல்லை, ஈரத்தில் உழுததுதான் தப்பு. ஜிப்சம் நல்ல மருந்துதான், ஆனால் சோடியம் இருக்கும் மண்ணுக்கு. அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம் வெளியேறும். வடிகால் இல்லாவிட்டால் அந்தப் பலனும் கிடைக்காது. வெண்படலம் தெரிந்தால் படி 2-இல் எடுத்த மண்ணை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, எவ்வளவு ஜிப்சம் தேவை என்று கேட்டுப் போடுங்கள்.

இதே களி, மழை குறைந்த நாட்டில்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மிட்செல் புல் மேய்ச்சல் வெளி என்று ஒன்று உண்டு. வறண்ட, அரை வறண்ட நிலம், ஆனால் மண் நம்முடையது மாதிரியே வெடிக்கும் களி. அங்கே கலப்பை படுவதில்லை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து மேல்மண் தானாகவே குருணையாக உதிர்ந்து கிடக்கும். உப்பிச் சுருங்கும் விசையில் தரையே குழியும் மேடுமாகிவிடும், அதை கில்காய் என்கிறார்கள். மழை போதாததால் சுண்ணாம்பும் ஜிப்சமும் உப்பும் அடித்துப் போகாமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

நாம் ஆண்டுதோறும் சேற்றுழவு ஓட்டிப் பரம்படித்துச் சமன் செய்கிறோம். அதனால் கில்காய் உண்டாக இடமில்லை. ஆனால் மேல்மண்ணின் குருணைக் கட்டும் உடைந்துபோகிறது, அடியில் கடினமான தளம் விழுகிறது. கோடை உழவு நமக்கு இவ்வளவு அவசியமாவது இதனால்தான்.

படி 6: தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது

படி 1-இல் ஆழமான வெடிப்பு இருந்ததா? அப்படியானால் முதல் தண்ணீர் வயலில் பரவாமல் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும். கோடை மழை ஒன்று விழுந்ததும் மேலாகப் புழுதி உழவு ஓட்டி வெடிப்பின் வாயை மூடிவிடுங்கள். ஆற்றுத்தண்ணீர் வரும்போது மடை திறந்திருக்கும் நேரம் குறையும்.

உழலாமா என்று தெரியாத நாளில் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். பென்சில் கனத்துக்குக் கயிறாக நீண்டால் இன்னும் ஈரம் அதிகம், கலப்பையை இறக்காதீர்கள். உருட்டும்போதே உதிர்ந்தால் உழவுக்குப் பதம்.

உளுந்து தெளிக்கிறவர்களுக்குப் பதம் வேறு. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் இறங்கித் தரையை விரலால் அழுத்துங்கள். தண்ணீர் கசியக் கூடாது, ஆனால் விரல் பதிந்த தடம் மெழுகில் பதிந்தது போல நிற்க வேண்டும். அன்றைக்கே விதையைத் தெளித்துவிடுங்கள்.