குறைந்த செலவில் துல்லியமான போல்ட் ஆக்ஷன் ரைஃபிள்: பார்த்து வாங்குவது எப்படி

முதலில் பட்ஜெட்டைப் பேசிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு, ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோட்டாவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். பிறகு நல்ல ரைஃபிள் மேல் மங்கலான ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, மாதம் ஒரு பெட்டி தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொத்தத் தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு பங்கு ரைஃபிளுக்கு, ஒரு பங்கு ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் ரிங்குகளுக்கும், இன்னொரு பங்கு முதல் வருடம் சுடப்போகும் தோட்டாவுக்கு. இப்படிப் பிரித்தால் ரைஃபிளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தானே என்று தோன்றும். பரவாயில்லை, அந்தக் கொஞ்சத்துக்கே இன்று நல்லது கிடைக்கிறது. உரிமம், பாதுகாப்பான பெட்டி, சேமிப்பு விதிகள் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், எந்தத் தோட்டா அளவுக்கு அனுமதி என்பது உட்பட. அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைப்படி ஏறாதீர்கள்.

மலிவான ரைஃபிள் எப்படித் துல்லியமாகச் சுடுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குழலை ஆக்ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் நடுப்பகுதி) பொருத்தும்போது, தோட்டா உள்ளே போய் முட்டி நிற்கும் இடத்துக்கும், பின்னால் அதை அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உள்ள அளவு, அதாவது ஹெட்ஸ்பேஸ், மிகச் சரியாக அமைய வேண்டும். பழைய முறையில் கைதேர்ந்த ஆள் ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகக் கடைந்து பொருத்துவார். 1958-ல் வந்த சாவேஜ் 110-ல் குழலை ஒரு நட் பிடித்துக்கொள்கிறது: அளவுக்கட்டையை உள்ளே வைத்து, குழலைத் திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. செலவு குறைந்தது, அளவும் ஒரே சீராக வந்தது. ரூகர் அமெரிக்கனும் இதே வழியில்தான் செய்யப்படுகிறது. ஆகவே விலை குறைவு என்றால் துல்லியமும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மலிவான துப்பாக்கியில் பணம் மிச்சம் பிடிக்கப்படுவது ஸ்டாக்கில் (தோளிலும் கையிலும் பிடிக்கும் மர அல்லது பிளாஸ்டிக் பகுதி), மேல்பூச்சில், போல்ட் வழவழப்பாக ஓடுவதில். இவற்றில் ஸ்டாக் மட்டும்தான் உங்கள் குரூப்பை (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகள் பரவி விழும் அளவு) நேராகப் பாதிக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்? உங்களுக்கு எட்டும் சுடுதளம் 50 மீட்டரோ 100 மீட்டரோ என்றால் யோசிக்கவே வேண்டாம், .22 எல்ஆர் வாங்குங்கள். இதைப் பொடியன்கள் துப்பாக்கி என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உலகப் போட்டிகளில் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான், சுண்டுவிரல் நகம் அளவு; அதைத் திரும்பத் திரும்பத் தொடுவது .22-தான். உதைப்பு இல்லாததால், ட்ரிக்கரை அழுத்தும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளாது. தோட்டா மலிவு, குழல் பல்லாயிரம் தோட்டா தாங்கும், காற்று லேசாக வீசினாலும் குண்டு நகர்ந்துவிடுவதால் காற்றைப் படிக்கவும் கற்றுக்கொள்வீர்கள். சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர், இந்த நான்கில் எது கிடைத்தாலும் பல வருடம் கற்றுக்கொள்ள அதில் விஷயம் இருக்கும். முதல் இரண்டும் கொஞ்சம் கூடுதல் விலை, அதற்கான தகுதியும் அவற்றுக்கு உண்டு.

100 மீட்டரைத் தாண்டி 300 வரை என்றால் .223 ரெமிங்டன். உதைப்பு சொற்பம், சென்டர்ஃபயர் (பின்பக்க நடுவில் ஊசி அடித்து வெடிப்பவை; .22 போல விளிம்பில் அடித்து வெடிப்பவை ரிம்ஃபயர்) ரைஃபிள் தோட்டாக்களில் இதுதான் செலவு குறைந்த வரிசை. அதற்கும் அப்பால் என்றால் .308 வின்செஸ்டரும் 6.5 கிரீட்மூரும். 2007-ல் ஹார்னடி நிறுவனம் கிரீட்மூரைக் கொண்டுவந்ததே இலக்குப் போட்டிக்காகத்தான். குண்டு நீளமாக, ஒடுக்கமாக இருப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளுவதில்லை,.308-ஐ விட உதைப்பும் குறைவு. ஆனால் அதன் குழல் சீக்கிரம் தேயும். 2,000 முதல் 3,000 தோட்டாவுக்குள் குரூப் அகல ஆரம்பிப்பது சகஜம், .308 குழல் அதைப் போல இரண்டு மடங்காவது வரும். நிறைய சுடுகிறவர் இந்தக் கணக்கையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்டர்ஃபயர் வாங்கும்போது ட்விஸ்ட் எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. குழலுக்குள் ஓடும் திருகு வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதுதான் ட்விஸ்ட். பெரும்பாலும் குழல் மேலேயே பொறித்திருக்கும். .223-ல் இது மிக முக்கியம்: 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயின் (குண்டின் எடை அளவு) போன்ற லேசான குண்டோடு நின்றுவிடும், 9 அங்குலம் என்றால் ஏறக்குறைய 69 கிரெயின் வரை பார்க்கலாம், 77 கிரெயின் இலக்குக் குண்டு சுட வேண்டுமானால் 8 அல்லது 7 தேவை. பொருந்தாத ட்விஸ்டில் கனமான குண்டைச் சுட்டால் அது பம்பரம் சாய்வது போலத் தள்ளாடும். இலக்குத்தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளமான கிழிசல் விழும். அப்படி ஒரு கிழிசலைப் பார்த்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், குண்டை மாற்றுங்கள். இலக்குக்காக .223 வாங்குகிறவர் 8 ட்விஸ்ட் கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லது.

இப்போது ட்ரிக்கர். என்னிடம் கேட்டால் குழலுக்கு அடுத்தபடியாக முக்கியம் இதுதான், கடையிலேயே சோதித்துப் பார்க்க முடிவதும் இதைத்தான். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, காலித் துப்பாக்கியில் ட்ரிக்கர் அழுத்தலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் (ரிம்ஃபயர் பலவற்றில் ஊசி குழல் விளிம்பில் அடித்துவிடும், அதற்கு டம்மி தோட்டா வேண்டும்), பாதுகாப்பான பக்கம் நீட்டி மெதுவாக அழுத்துங்கள். நல்ல ட்ரிக்கர் நகராமல் நிற்கும், பிறகு கண்ணாடிக் குச்சி முறிவது போலச் சட்டென்று விடும். மோசமானது மணலில் இழுப்பது போல நறநறவென்று நகர்ந்து எப்போது விடும் என்று தெரியாமல் விடும். முடிந்தால் நண்பரை விட்டுக் குழல் நுனிக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நின்று குழல் மேல் ஒரு நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். ட்ரிக்கர் விட்ட பிறகும் நாணயம் விழாமல் இருக்கும்படி அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். கனமான ட்ரிக்கரில் இது படு கஷ்டம், ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ எடைக்குள் சுத்தமாக விடுவதில் ஐந்து நிமிடத்திலேயே பழகிவிடும். சாவேஜின் அக்யூட்ரிக்கர் வந்த பிறகுதான் விலை குறைந்த ரைஃபிள்களிலும் வாங்குகிறவரே எடையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிக்கர் சாதாரணமாகிவிட்டது. டிக்காவிலும் ஒரு திருகில் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ஸ்டாக். பையில் ஒரு காகிதத் துண்டோடு போங்கள். குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவே அதை நுழைத்து ஆக்ஷன் வரை இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்காமல் போனால் குழல் தனியாக நிற்கிறது என்று பொருள். அத்தோடு விடாதீர்கள். முன்பகுதியையும் குழலையும் சேர்த்துக் கையால் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டு மறுபடி காகிதத்தை இழுங்கள். மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக் இந்த இரண்டாவது சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும், ரப்பர் போல வளைந்து குழலைத் தொட்டுவிடும். பைபாட் (முன்பக்க இரு கால் தாங்கி) மேல் சாய்ந்து சுடும்போதும், ஸ்லிங்கை (தோள்வார்) இறுக்கிப் பிடிக்கும்போதும் நடப்பது அதேதான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தத்தில் குழலைத் தொடும், அதனால் குண்டு விழும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக அந்த ரைஃபிளை ஒதுக்க வேண்டாம், ஆனால் முன்பகுதியை உள்ளே இழைத்துவிடவோ பின்னால் ஸ்டாக்கை மாற்றவோ வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ரெமிங்டன் 700 வடிவத்தைப் பின்பற்றும் ஆக்ஷன்களுக்கு இதில் பெரிய சௌகரியம். 1962-லிருந்து இருக்கும் வடிவம் என்பதால் ஸ்டாக்கும் ட்ரிக்கரும் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன, பெர்காரா பி-14-ல் அவை பெரும்பாலும் பொருந்தும். கன்னம் வைக்கும் உயரமும் ஸ்கோப்புக்குச் சரியாக இருக்க வேண்டும், கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டால் பத்தாவது தோட்டாவில் கழுத்து வலிக்கும். அதற்கு ஃபோம் துண்டும் டேப்பும் போதும்.

தடித்த குழல் வாங்குவதா ஒல்லியானதா? தடித்தது தன்னளவில் துல்லியத்தைக் கூட்டிவிடாது. அது மெதுவாகச் சூடாகும், தொடர்ந்து பத்து இருபது சுட்டாலும் குண்டு விழும் இடம் அவ்வளவாக நகராது, கனத்தினால் ரைஃபிள் அசையாமலும் நிற்கும். மேசையில் வைத்தோ படுத்தோ சுடுகிறவருக்குத் தடித்தது, நின்று சுடுகிறவர் தூக்கிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

பெட்டியில் "ஒரு எம்ஓஏ உத்தரவாதம்" என்று போட்டிருப்பார்கள். எம்ஓஏ ஒரு கோண அளவு, ஒரு எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். உத்தரவாதம் எத்தனை தோட்டாவுக்கு என்று சின்ன எழுத்தில் படித்துப் பாருங்கள், பல சமயம் மூன்றுதான். மூன்று ஓட்டைகள் ஒட்டி விழுவது தற்செயலாகவும் நடக்கும். அதே ரைஃபிளில் ஒரே குறியில் பத்து சுட்டால் அந்தக் குரூப் பெரிதாகும், அந்தப் பெரிய குரூப்தான் உண்மை. இணையத்தில் யாராவது ஒட்டிய மூன்று ஓட்டைப் படத்தைக் காட்டினால், அவர் அன்று சுட்ட மற்ற தாள்களையும் கேளுங்கள். பத்துத் தோட்டாவை ஒன்றரை எம்ஓஏ-க்குள் வைக்கும் விலை குறைந்த ரைஃபிள் ஒரு நல்ல ரைஃபிள், தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

சென்டர்ஃபயரில் பெயர் சொல்ல வேண்டுமென்றால்: போல்ட் ஓடும் சுகத்துக்கும் ட்ரிக்கருக்கும் டிக்கா டி3எக்ஸ், கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கிய பிறகு மாற்ற வேண்டியது எதுவும் இருக்காது. கனமான, உறுதியான ஆக்ஷன் வேண்டுமென்றால் ஹோவா 1500. பணம் ரொம்ப இறுக்கம் என்றால் ரூகர் அமெரிக்கனோ சாவேஜோ, ஸ்டாக்கை மட்டும் பின்னால் கவனித்துக்கொள்ளலாம்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா? தாராளமாக. குறைவாகச் சுடப்பட்ட வேட்டை ரைஃபிள்கள் நிறைய விலைக்கு வருகின்றன. போல்ட்டை உருவிவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள், வரிகளின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல் நுனியின் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, சுற்றிலும் இழுங்கள்; எங்காவது பஞ்சு இழை பிடித்துக்கொண்டால் அங்கே பிசிறோ அடியோ இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, அங்கே உள்ள கீறல் குரூப்பில் தெரியும். திருகுத் தலைகள் பிய்ந்திருந்தால் யாரோ அவசரத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைத் துரத்த வேண்டாம். 50 மீட்டரில் சுடப்போகிறீர்கள் என்றால் அந்தத் தூரம் வரை பாரலாக்ஸ் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகரும். ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது வரும் ஒரு கிளிக், மில் (இன்னொரு கோண அளவு) ஸ்கோப்பில் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர், கால் எம்ஓஏ ஸ்கோப்பில் சுமார் 7 மில்லிமீட்டர். எதுவானாலும் சரி, கிளிக் சொன்ன அளவு நகர்ந்து திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். ரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். குரூப் திடீரென்று சிதறினால் முதலில் பார்க்க வேண்டியது ரிங், பேஸ் (ரிங் உட்காரும் தட்டு) திருகுகள், ஆக்ஷன் திருகுகள்.

கடைசியில் தோட்டா. ஒரே மாடல் இரண்டு ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா பிடிக்காது, .22-ல் இது இன்னும் கறார். ஐந்தாறு வகை ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள், .22 என்றால் ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் இலக்குத் தோட்டாக்களாகப் பார்த்து. காற்று இல்லாத காலையில் 50 மீட்டரில் உட்காருங்கள். வகை மாற்றும்போதெல்லாம் முதல் பதினைந்து இருபது தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய தோட்டாவின் மெழுகு குழலில் இருக்கும். பிறகு ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக இரண்டு குரூப். தாள் ஓரத்திலேயே தோட்டாவின் பெயரும் பெட்டியில் அச்சடித்த லாட் எண்ணும் (ஒரே தொகுதியில் தயாரானதைக் காட்டும் எண்) எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எல்லாத் தாளையும் தரையில் பரப்பினால் ஒன்று பளிச்சென்று தெரியும், மற்றவை இறைந்து கிடக்கும்போது அது மட்டும் ஒரே பொட்டாக இருக்கும். மறுநாளே கடைக்குப் போய் அதே லாட் எண்ணில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கிவிடுங்கள், அடுத்த லாட் வேறு மாதிரி சுடலாம்.