அகதிக் குழந்தைகளுக்கு உதவ வேண்டுமா? பழைய துணி மூட்டையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஊரைவிட்டு ஓடி வந்தவர்களைப் பற்றிச் செய்தி வந்ததும் நம் கை தானாக அலமாரிப் பக்கம் போகும். பழைய சட்டை, போர்வை, பிள்ளைகள் விளையாடி முடித்த பொம்மை, நாலு டின் பால்பவுடர். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை நிவாரணப் பொருள் பிரிக்கும் இடத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. சாக்கைப் பிரித்தால் ஜோடியில்லாத ஒற்றைச் செருப்பு, ஜிப் போன பேண்ட், ஈரத்தோடு கட்டிப் பூஞ்சை பிடித்த கம்பளி, நடுவில் யாரோ ஒருவருடைய கோட்டு சூட்டு. காலையிலிருந்து சாயங்காலம்வரை பத்துப் பேர் பிரித்ததில் குழந்தைகளுக்குப் போடக்கூடியதாகத் தேறியது இரண்டு மூட்டை.

அதனால் பணமாகக் கொடுங்கள். முடிந்தால் மாதாமாதம் சின்னத் தொகை, 'இதற்கு மட்டும்தான் செலவிட வேண்டும்' என்ற நிபந்தனை இல்லாமல். கடைகள் இயங்குகிற இடங்களில் உதவி நிறுவனங்கள் இப்போது குடும்பத்தின் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. மூத்தவனுக்குச் செருப்பா, சின்னவளுக்கு இருமல் மருந்தா என்பது அம்மாவுக்குத் தெரியும், ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நமக்குத் தெரியாது. கடையே இல்லாத இடத்தில் பொருள்தான் போக வேண்டும், அதை அவர்களே மொத்தமாக வாங்கி ஒரே சீராக அனுப்புவார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தைக்கு உதவுவது என்றால் அந்தக் குழந்தை யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்கு உதவுவது. கீழே வருவதெல்லாம் ஏதோ ஒரு வகையில் இதுவேதான்.

பால்பவுடர் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நல்ல மனசு அதிகமாகக் கெடுதல் செய்கிறது. 'அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. பயத்தில் பால் சுரந்து வருவது கொஞ்ச நேரம் தடைப்படலாம், ஆனால் குழந்தை தொடர்ந்து சப்பினால் திரும்ப வரும். அந்த நேரத்தில் இலவசமாக ஒரு டின் கையில் வந்தால் சப்புவது குறைகிறது, சுரப்பும் குறைகிறது, டின் தீர்ந்ததும் இரண்டும் இல்லை. அதைக் கலக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது இன்னொரு பக்கம். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த ஆய்வில், இலவசப் பால்பவுடர் கிடைத்த குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, கிடைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. தாய் இல்லாத குழந்தைக்கு, தாய்ப்பால் கொடுக்கவே முடியாத நிலைக்கு, பால்பவுடர் தேவைதான். அதை மருத்துவப் பணியாளர்கள் பார்த்துக் கொடுக்கட்டும், நாம் மூட்டையில் போட்டு அனுப்ப வேண்டாம். தாய்க்குச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் இடம், இதற்குச் செலவிடும் நிறுவனத்துக்குப் பணம் போனால் அதுவே பெரிய உதவி.

ஊட்டச்சத்துப் பணி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே கொடுப்பது என்பது தானாகப் புரியும். ஒரு காகிதப் பட்டை, டெய்லர் டேப் மாதிரி, ஆனால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்தான ஊட்டச்சத்துக் குறைபாடு. 11.5 சுற்றளவு என்றால் அந்தக் கையின் கனம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை, தாயின் இரண்டு விரல் அகலத்தைத் தாண்டாது. பல இடங்களில் இந்தப் பட்டையைத் தாயிடமே கொடுத்து அளக்கச் சொல்லித் தருகிறார்கள்.

சிகிச்சையும் அப்படித்தான் மாறியிருக்கிறது. வேர்க்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்த பொட்டலம் ஒன்று, 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். முன்பு இப்படிப்பட்ட குழந்தையோடு தாய் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும், மற்றப் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள். இப்போது வேறு நோய்ச் சிக்கல் இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே வைத்துத் தேற்றிவிடலாம்.

யாருக்கு உதவுவது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. எல்லை தாண்டி வந்தவர்களைத்தான் 1951 அகதிகள் ஒப்பந்தம் அகதி என்கிறது. ஆனால் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்த 12.32 கோடிப் பேரில் பாதிக்கும் மேல் சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் பேர் குழந்தைகள். எனவே 'அகதி' என்ற சொல்லை மட்டும் தேடிக் கொடுத்தால், எல்லைக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

அப்புறம், 'ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்கிறேன்' என்று கிளம்ப வேண்டாம். தனியாக நிற்கும் குழந்தை அநாதை என்று அர்த்தமில்லை, கூட்டத்தில் பெற்றோரின் கை நழுவிப் போயிருக்கலாம். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குச் சில வாரங்களுக்குள் 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற ஒரு வெளிநாட்டுக் குழுவைக் கைது செய்தார்கள். விசாரித்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். புதிதாக அநாதை ஆசிரமம் கட்ட நிதி கேட்பவர்களைவிட, குடும்பத்தைத் தேடிச் சேர்த்து வைப்பவர்களுக்குக் கொடுங்கள். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களும் யுனிசெஃப்பும் இந்த வேலையைச் செய்கின்றன. மெதுவான வேலை அது. மூன்று வயதுப் பிள்ளையிடம் 'அம்மா பேர் என்ன' என்று கேட்டால் 'அம்மா' என்றுதான் சொல்லும். அதனால் வேறு மாதிரி கேட்பார்கள்: உன்னை யார் குளிப்பாட்டுவார்கள், அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார், வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும். குழந்தை அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைக்கூடத் துவைத்துப் பத்திரமாக வைக்க வேண்டும், தைத்த கை அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தால் பணத்தைவிட நேரம் உதவும். பள்ளிச் சேர்க்கைக்குக் கூடப் போங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினால், எந்தச் சட்டப்படி என்று பொறுமையாகக் கேட்க ஒரு உள்ளூர் ஆள் பக்கத்தில் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் புது மொழியைச் சீக்கிரம் பிடித்துவிடுவதால் பத்து வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்தி, தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையை அவள் வாயால் சொல்ல வைக்கிறோம். அது அவள் சுமக்க வேண்டியதில்லை.

என்ன நடந்தது என்று குழந்தையிடம் துருவிக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் பந்து விளையாடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போவது முக்கியம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை போயே ஆக வேண்டும். ஒரு வாரம் முகாமில் பிள்ளைகளோடு பாடி ஆடிவிட்டுக் காணாமல் போகிற பயணங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளைகள் அவர்கள். உங்கள் பின்னணியை விசாரிக்காமல் 'நாளைக்கே வாங்க' என்று பிள்ளைகளிடம் விடும் நிறுவனத்தை நம்பவே வேண்டாம். படமும் அப்படித்தான். முகமும் இடமும் சேர்ந்து தெரியும் படத்தைப் பகிராதீர்கள், அந்தக் குடும்பம் யாருக்குப் பயந்து ஓடியதோ அவர்களிடமும் போன் இருக்கிறது.

நிறுவனம் தேர்ந்தெடுக்கும்போது, இந்தச் சிக்கல் வருவதற்கு முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்களா, அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பில் இருக்கிறார்களா, தணிக்கை செய்த கணக்கு வெளியில் இருக்கிறதா, குழந்தைக்கு ஏதாவது தவறு நடந்தால் புகார் சொல்ல வழி வைத்திருக்கிறார்களா, இவ்வளவு பார்த்தால் போதும். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் இரவு விளக்கும் போட்டதாக ஆண்டறிக்கையில் எழுதியிருந்தால் நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். அது இல்லாத முகாமில் பெண் பிள்ளைகள் இருட்டியபின் தண்ணீர்கூடக் குடிக்கப் பயப்படுவார்கள்.

கொடுத்தாயிற்றா, சரி. இப்போதே போனில் இன்றிலிருந்து ஆறு மாதம் தள்ளி ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்குச் செய்தியில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கொடுத்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கேளுங்கள்: அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தாயிற்றா? இல்லை என்று பதில் வந்தால் இரண்டாவது தவணையை அன்றே அனுப்பிவிடுங்கள்.